கானகீன்காரியின் பேச்சு

ரங்கூனுக்கு வந்து ஏழு வருஷமாக ரஹீமா புருஷன் காஜா மைதீனிடம் எதுவும் கேட்டதில்லை. க்ஷயம் நெஞ்சைத் தின்றுமுடிக்கும் நேரத்தில் ஒன்றே ஒன்று கேட்டாள். பிறந்த ஊரான கானகீனில் இருக்கும் தாயாருக்குத் தன் வஸிய்யத்தை, கடைசிச் சொல்லை, தன் குர்து பாஷையிலேயே யாராவது வாய்வழியாகக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். தாய்க்கு எழுத்து வாசனை கிடையாது.

காஜா மைதீன் ஆடிப்போனான். சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குச் சமைக்க மெசப்பட்டோமியா போனவன், அங்கேயே நிக்காஹ் செய்து கூட்டிவந்த பெண் அவள். "ஒரே வருஷத்துல தமிழ் பேச வச்சேன் பாரு!" என்று ரங்கூன் லத்தா கடைத்தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டான். அடுப்படியில் அவள் தன் பாஷையில் முணுமுணுத்தால், "என்னடி அது, மனுசப் பேச்சா?" என்று வாயை அடைத்ததும் அந்த மகாராசன்தான்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இப்போது குர்து பேசும் ஆளைத் தேடிப் போட்டாதாங் கப்பல் துறையில் நாயாய் அலைந்தான். கடைசியில் பஸ்ராக் கப்பலில் கரி தள்ளும் ஒரு குர்துக்காரன் அகப்பட்டான், கமால் என்று பேர். குர்து என்றால் குர்துதானே! காயல்காரனும் நாகூர்க்காரனும் பேசிக்கொள்வதில்லையா? எந்தப் பக்கத்து ஆள் என்றுகூடக் கேட்காமல் கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டான்.

திரைக்கு அந்தப்பக்கம் ரஹீமா பேச ஆரம்பித்தாள். அல்லாவே, என்ன பேச்சு! இருமல் வந்து முறித்தாலும் விடவில்லை. அழுதாள், நடுவில் சிரிக்கவும் செய்தாள். கமால் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அப்பாடா என்றிருந்தது காஜாவுக்கு.

வாசலில் கமால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த இந்துஸ்தானியில் சொன்னான்: "பாய், மன்னிச்சுக்குங்க. நான் வடக்கு மலைக்காரன். அவங்க பேசறது தெக்கத்திக் குர்து. அம்மாங்கறது புரிஞ்சுது, ஊர்ப் பேரு புரிஞ்சுது. மத்தது பிடிபடலே. மனசு கேக்காமத் தலையாட்டினேன். அவங்ககிட்டச் சொல்லிடாதீங்க."

காஜா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். முகத்தில் சிரிப்பை வரவழைக்கப் பார்த்தான்.

"அவருக்குப் புரியலே," என்றாள் ரஹீமா. "பாதியிலேயே தெரிஞ்சுபோச்சு."

"பின்னே ஏன் புள்ளே பேசிக்கிட்டே இருந்தே?"

"இத்தனை நாளு யாரு என்னைப் பேச விட்டா?"

பாயோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்கிட்டத் தமிழ்ல சொல்லு. நானே கப்பலேறிப் போறேன். உங்கம்மா காலடியில உக்காந்து ஒரு சொல்லு விடாமச் சொல்றேன். அல்லா மேல ஆணை."

ரஹீமா அவனைப் பார்த்தாள். அவளுக்குக் கோபங்கூட இல்லை.

"போயி, எந்தப் பாஷையில சொல்லுவீங்க?" என்றாள்.