பின்படி வழியாக வந்த சீடர்

டயர் கடைக்கு மேலே இருந்த கூடத்தில் பாய்களை விரித்துவிட்டு அவள் காத்திருந்தாள். கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடி ஓடி நின்றது. படியில் காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. போன வாரமும் இப்படித்தான். இறைவனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ருவைத் தனியாகவே சொல்லி முடித்து, தனியாகவே பாய்களைச் சுருட்டினாள்.

சூஃபி வழியில் பலருக்குக் குருவாக இருந்த பெரியவர், இறப்பதற்கு முன் சீடர்களைக் கூட்டி, "எனக்கப்புறம் இவதான் உங்களுக்கு வழிகாட்டி" என்று அவளைக் காட்டியிருந்தார். அன்று தலையாட்டியவர்கள், அடக்கம் முடிந்ததும் ஒவ்வொருவராக நழுவினார்கள். முதலில் நழுவியது அவளுடைய சொந்த அண்ணன். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துபவர். "தங்கச்சியப் போய் குருன்னு சொல்றதா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?" என்றார்.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்தாள். விஷயம் அங்கேயும் கசிந்தது. "எங்களுக்கெல்லாம் எப்போ மேடம் அருள்வாக்கு? படிச்சவங்க செய்ற வேலையா இது?" என்று ஊசி உறையைப் பிரித்தபடியே கேட்டாள் பக்கத்து மேசைக்காரி. அவளும் சிரித்து வைத்தாள். அதன்பின் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் யாரோடும் உட்காரவில்லை.

அந்தச் சமயத்தில் அண்ணி இறந்துபோனாள். சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம், அண்ணன் கூடத்தின் பின்படி ஏறி வந்தார். முகம் சவரம் செய்யப்படாமல் கிடந்தது.

"தூக்கமே வரலம்மா. வீட்டுக்குள்ள போகவே பயமா இருக்கு."

அவள் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து, அவர் மூச்சோடு சேர்ந்து மெல்ல இறைநாமம் சொன்னாள். அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

போகும்போது, "நான் வந்தது யாருக்கும் தெரிய வேண்டாம், என்ன?" என்றார்.

"சரிண்ணா."

பிறகு அடிக்கடி வந்தார். எப்போதும் பின்படிதான். அவர் இறங்கிப் போனதும் கூடம் முன்னைவிடப் பெரிதாகத் தெரியும் அவளுக்கு.

ஒருநாள் பழைய சீடர்கள் அங்கே கூடினார்கள். "இடத்தைக் காலி பண்ணிடலாம். இந்தம்மாகிட்ட யாரு வர்றாங்க?" என்றார் அவர்களில் ஒருவரான தையல்காரர். அண்ணன் குனிந்துகொண்டார். அவள் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது அவரைச் சுட்டது.

"நான் வர்றேன்" என்று எழுந்தார். "பல மாசமா வர்றேன். திருட்டுத்தனமா."

"தங்கச்சிகிட்டயா?" தையல்காரர் சிரித்துவிட்டார். சிலர் செருப்பை மாட்ட எழுந்தார்கள்.

"ஆமா. நான் நடமாடுறதே இவளாலதான். ஆறுதல் வேணும்னா ஒளிஞ்சு வந்து வாங்கிக்கிறோம். மரியாதை குடுக்கும்போது மட்டும் பொம்பளைன்னு ஞாபகம் வந்துடுது. ஞானத்துல ஆண் பெண் இல்லைய்யா. அந்த பேதம் நம்ம வீம்புலதான் இருக்கு."

மற்ற எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். அண்ணன் மட்டும் அவள் முன்னால் வந்து அமர்ந்தார்.

"ஆரம்பிங்க" என்றார். பிறந்ததிலிருந்து அவளை அவர் அப்படிப் பன்மையில் அழைத்ததே இல்லை.