ஆடி கழியட்டும்

வீடு முழுவதுக்கும் தண்ணீர் சுடவைக்கிற சிலிண்டரை மாற்ற நாலாயிரத்து எண்ணூறு டொலர் என்று பிளம்பர் சொன்னபோது கதிர்காமநாதன் முதலில் சிரித்தார். அவன் பகிடி விடவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. அது அவர் குடியிருக்கும் வீட்டுச் சிலிண்டர்கூட இல்லை. மவுண்ட் ரோஸ்கில்லிலேயே இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு விட்டிருந்த வீட்டினுடையது. அடி துருப்பிடித்துக் கசிந்து, அது நிற்கிற அலுமாரித் தரையெல்லாம் ஊறிப்போயிருந்தது. அந்தக் காசில் சிலிண்டருக்குப் பாதிதானாம். பூமி அதிர்ந்தால் விழாமல் கட்டுகிற பட்டி, புது வால்வு, பழையதைக் கழற்றிக் கொண்டுபோய் எறிகிற கூலி என்று மிச்சம். எறியவும் காசு கேட்கிற நாட்டில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று காரில் புறுபுறுத்தபடியே வந்தார். ஆனாலும் வீட்டுக்குள் வந்ததும் கார்டை எடுத்து மேசையில் வைத்தார் மனுசன். மனைவி யோகராணி அதைப் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் கார்டை எடுத்து வைக்கத்தான் செய்தார்.

“வேறென்ன செய்யிறது, கைக்குழந்தையோட இருக்குதுகள்,” என்றார்.

“இஞ்சாருங்கோ, ஆடி பிறந்திட்டுதெல்லே,” என்றாள் யோகராணி. “ஆடியில ஆரும் புதுச் சாமான் வாங்குவினமே? ஆவணியில மாத்துவம். அதுமட்டும் அஸ்வினி பிள்ளையை இஞ்ச கொண்டு வரட்டும். நான் சுடுதண்ணி வார்த்து விடுறன்.”

போன ஆடியில்தான் அவர்கள் வீட்டுக்குப் புது டிவி வந்தது. அப்போது அவள் வாய் திறக்கவில்லை. அவருக்கும் அது ஞாபகம் வராமல் இல்லை. என்றாலும் காசு கையை விட்டுப் போகாமலிருக்க ஒரு சாஸ்திரம் வலிய வந்து நிற்கும்போது யார்தான் வேண்டாம் என்பார்கள்? கார்டு திரும்பப் பர்சுக்குள் போயிற்று. பஞ்சாங்கம் கணித்தவர்களுக்கு, இந்த மாதத்தில் எலும்புக்குள் ஏறுகிற ஈரக்குளிர் அடிக்கும் ஊர் ஒன்று பூமியின் அடியில் கிடப்பது தெரியாது. யோகராணிக்குத் தெரியும். இருபது குளிர்காலம் பார்த்தவள்.

வாடகை வீட்டில் இருந்தவர்கள் திருச்சிப் பக்கத்து ஆட்கள். வெற்றிக்கு எல்லர்ஸ்லியில் கம்ப்யூட்டர் வேலை. அஸ்வினி பிரசவ விடுப்பில் இருந்தாள். குழந்தை சிவானிக்கு நாலு மாதம். அவர்கள் குடிவந்தபோது, “நாங்கள் தமிழாக்கள், எங்களுக்குள்ள பேப்பர் என்னத்துக்கு?” என்று கதிர்காமநாதன் ஒப்பந்தமே எழுதவில்லை. முற்பணமாக வாங்கிய போண்ட் காசையும் முறைப்படி அரசாங்கத்தில் கட்டாமல் கையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பதிலாக வாடகையைக் கூட்டாமல் விட்டிருந்தார். அதைக் கோயிலில் கண்டவரிடமெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார். ஆவணிக் கதையைப் போனில் கேட்ட வெற்றி, “சரிங்க அங்கிள், பரவால்ல, பாத்துக்கிறோம்,” என்றான். தங்கமான பொடியன் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

பின்னேரம் நாலு மணியானால் யோகராணி குளியலறை ஹீற்றரைப் போட்டு, தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் காத்திருப்பாள். முதியோர் இல்லத்தில் பிறத்தியாரின் தாய் தகப்பனைக் காலமெல்லாம் குளிப்பாட்டி, முழங்கால் தேய்ந்து வேலையை விட்டவள் அவள். அந்தக் கைகளுக்கு இந்தத் தோல் புதிது. கால்களை நீட்டி, குழந்தையைக் குப்புறப் போட்டு, எண்ணெய் தடவி, முதுகில் தண்ணீரை ஊற்றும்போது அது மூச்சை உள்ளே இழுத்து ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்காகவே நாள் முழுவதும் ஓடிவிடும். மெல்பேர்னில் இருக்கும் மகன் பார்த்தீபனிடம் பிள்ளைப் பேச்சை எடுத்தால், “நொட் பிளானிங், அம்மா,” என்பான். சொல்லிவிட்டுப் பூனையைத் தூக்கிக் கேமராவுக்கு முன்னால் காட்டுவான். பூனைக்கு முழுக வார்க்கவா முடியும்?

அஸ்வினி குளியலறை வாசலிலேயே துவாயோடு நிற்பாள். இருக்கச் சொன்னால் இருக்கமாட்டாள். தேத்தண்ணி வேண்டாம் என்பாள்.

“நீயும் ஒருக்காச் சுடுதண்ணியில முழுகிப்போட்டுப் போவன், பிள்ளை.”

“இல்ல ஆன்ட்டி, நான் வீட்லயே பாத்துக்கிறேன்.”

கூச்ச சுபாவம் என்று யோகராணி எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் காற்றும் மழையுமாக அடித்தது. “இன்னைக்கு ஒருநாள் விட்டுடலாமா, ஆன்ட்டி? அவர் வர லேட்டாகும், கார் இல்ல,” என்று போன் வந்தது.

“தண்ணி எல்லாம் ஆயத்தம் பண்ணிப்போட்டன். பிள்ளை வண்டிலுக்குப் பிளாஸ்டிக்கைப் போட்டு மூடிக் கொண்டு வா, பிள்ளை. ரெண்டு தெருதானே.”

அவள் வந்தாள். யோகராணிக்கு அன்று வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. இந்த மழையிலும் தன்னைத் தேடி ஒரு பிள்ளை வருகிறதே என்று சாமிப்படத்துக்கு முன்னால் நின்று கண்கலங்கினாள். குளித்த சூட்டோடு குழந்தை அதே மழைக்குள் திரும்பிப் போனதை அவள் யோசிக்கவில்லை. யோசிக்கக்கூடாது என்றே யோசிக்கவில்லை.

அடுத்த கிழமை குழந்தைக்குச் சளி நெஞ்சில் இறங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். யோகராணி சோறும் ரசமும் கட்டிக்கொண்டு ஓடினாள். கன்னத்தில் ஒக்சிஜன் குழாயை ஒட்டிக்கொண்டு சிவானி தூங்கினாள். இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அஸ்வினி கட்டிலோரம் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்டைக்கு மழைக்க வரேலாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை. நான் என்ன பிறத்தி ஆளே?”

அஸ்வினி நிமிரவில்லை. “எப்படிங்க ஆன்ட்டி சொல்றது? எங்க கையில ஒரு பேப்பர்கூட இல்ல. அங்கிள் கோவிச்சுக்கிட்டு வீட்டைக் காலி பண்ணுன்னுட்டா, இவளைத் தூக்கிட்டு எங்க போறது? அந்தப் பயத்துலதான் தினமும் வந்தோம்.”

குரலில் கோபம் இருந்திருந்தால் யோகராணி அழுதாவது சமாளித்திருப்பாள். கடைக்கணக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அவள் அடுத்த துணியை எடுத்தாள். குழந்தைக்காக நொந்திருக்க வேண்டிய நேரத்தில், அப்படியானால் இவள் என்னிடம் ஆசையாக வரவில்லையா என்றுதான் யோகராணியின் மனம் முதலில் கேட்டது. அப்படிக் கேட்ட மனத்தை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. சாப்பாட்டுப் பையை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். கார் தரிப்பிடத்தில் எந்தக் காரில் வந்தோம் என்பதே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

குழந்தை தேறியதும் வெற்றி பக்குரங்காவில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். புகார் எழுதவில்லை, வாக்குவாதப்படவில்லை. சாவியைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான். முன்கூட்டிச் சொல்லாமல் போய்விட்டானே என்று கதிர்காமநாதன் துள்ளினார். பேப்பர் இல்லாத வீட்டை விட்டுப் போகிறவன் யாரிடம் முன்கூட்டிச் சொல்வது? வீடு சும்மா கிடந்தால் மோர்ட்கேஜ் கடனை யார் கட்டுவது என்ற பயத்தில் உடனே பிளம்பரைக் கூப்பிட்டார். ஆடி முடிய இன்னும் ஒரு கிழமை கிடந்தது. அதைப்பற்றி இருவரும் மூச்சுவிடவில்லை.

புதுச் சிலிண்டர் பூட்டிய மறுநாள் இருவரும் வீட்டைப் பார்க்கப் போனார்கள். அறைகள் எல்லாம் கூட்டித் துடைத்துப் பளிச்சென்று கிடந்தன. சமையலறையில்தான் கதிர்காமநாதன் சத்தம் போட்டார்.

“இந்த அநியாயத்தை வந்து பாரப்பா!”

அடுப்புக்கு மேலே கூரைப்பலகை முழுவதும் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக ஊதி, சுவரோரம் ஆவி வழிந்த தடம் கோடுகோடாகக் காய்ந்திருந்தது. பெரிய பானை ஓயாமல் இருந்த இடத்தில் அடுப்பின் எனாமல் வெடித்திருந்தது. யோகராணிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பாத்திரம் கழுவ ஒரு பானை சுடுதண்ணீர், குழந்தைத் துணிக்கு ஒரு பானை, இரவு வேலையால் வருகிறவனுக்கு ஒரு பானை. வீட்லயே பாத்துக்கிறேன் என்றவளுக்கு ஒரு பானை, அதையும் தானே குளியலறைக்குத் தூக்கி, பிள்ளை பெற்ற உடம்போடு.

“போண்ட் காசில கழிக்கிறன் பார். போன் கார்லயே கிடக்கு, இரு, படம் எடுக்க வேணும்,” என்று அவர் வெளியே போனார்.

யோகராணி குழாயைத் திறந்தாள். உடனே கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வந்தது. தொட்டியடியில் கிடந்த பழந்துணியை அதில் முக்கிப் பிழிந்தாள். கை சிவந்துபோயிற்று. தேய்ந்த முழங்காலை அடுப்பை ஒட்டிய சமையல் மேடையில் ஊன்றி, அலுமாரிப் பிடியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறினாள். எழுந்து நின்றால் தலை கூரையில் முட்டியது. குனிந்தபடியே தேய்க்கத் தொடங்கினாள். வெளியே கார்க் கதவு அடிபடும் சத்தம் கேட்டது. அவள் இன்னும் வேகமாகத் தேய்த்தாள். கறுப்புப் போகவில்லை, இழுபட்டு அகன்றுகொண்டே போனது. சாம்பல் நிறத் தண்ணீர் மணிக்கட்டில் வழிந்து, சட்டைக் கைக்குள் இறங்கி, அக்குள் வரை வந்தது. அதற்குள் அது ஆறிக் குளிர்ந்திருந்தது.

“விழுந்து துலையப் போறாய், இறங்கப்பா!” என்றபடி அவர் போனை உயர்த்தினார்.

அவள் விரித்த கையைக் கூரையில் வைத்து, முடிந்தமட்டும் மறைத்துக்கொண்டு நின்றாள்.