சாட்சிக்கு வந்த சட்டை

என் வீட்டுக்காரர் வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர். அவரை அரசு வழக்கறிஞர் அலுவலகம் வரை இழுத்துக்கொண்டு வந்தது நான்தான். நெற்றியில் தையல்; இடது கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. எங்கள் சலவைக் கடைக்குள்ளேயே, துணி மாட்டும் இரும்புக் கம்பியால் அடி. அடித்தது என் அண்ணன். அப்பா விட்டுப்போன கடை தனக்கு மட்டும்தான் என்பது அவன் நினைப்பு. "காலி பண்ணலைன்னா அடுத்த தடவை தையல் போட இடமிருக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

போலீஸில் சொன்னோம். "மாமன் மச்சான் சண்டை. உக்காந்து பேசித் தீத்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே எடுபடாவிட்டால் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுதி வாங்கி நேராகக் கோர்ட்டிலேயே புகார் கொடுக்கலாம் என்று தையல் போட்ட டாக்டர்தான் வழி காட்டினார். ரத்தம் பட்ட சட்டையைப் பத்திரமாக வையுங்கள் என்றும் சொன்னார். அதைப் பையில் போட்டு இவரிடம் கொடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

புகார் எழுதுகிற அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வாயால் சொன்னால் போதும், தானே எழுதிப் படித்துக் காட்டுவதாகச் சொன்னார். இவர் திக்கித் திணறி எல்லாம் சொல்லி முடித்தார்.

"சட்டை கொண்டாந்தீங்களா?"

இவர் பையைத் திறந்தார். காலர் விறைப்பாக, கையில் ஒரு சுருக்கமில்லாமல், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வெளியே வந்தது சட்டை. ரத்தம் இருந்த இடமே தெரியவில்லை.

"துவைச்சிட்டீங்களா?"

"அழுக்குத் துணியோட ஆபீசுக்கு எப்படிங்க வர்றது" என்றார் இவர். "கஞ்சியும் போட்டேன்."

எனக்கு எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. "ஊர்த்துணியெல்லாம் வாரக்கணக்கா கிடக்குது, இதுக்கு மட்டும் என்னங்க அவசரம்?" என்று கத்தினேன். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனா மூடியைக் கடித்தார்.

"பரவாயில்லம்மா. சட்டை இல்லாட்டியும் புகார் எடுத்துக்கலாம். டாக்டர் சீட்டு இருக்கு. அடிச்சதைப் பாத்தவங்க யாராச்சும் உண்டா?"

இவர் என் பக்கம் திரும்பவில்லை. சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே, "யாரும் இல்லீங்க" என்றார்.

பொய். கடையில் நான் இருந்தேன். அண்ணன் கம்பியை உருவியதிலிருந்து இவர் சுவரோடு சரிந்தது வரை பார்த்தேன். யாருக்காக இந்தப் பொய் என்று புரிந்ததும் என் கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

பயப்படாதீங்க, அவனை உள்ள தள்ளட்டும் என்று வழிநெடுகக் கத்திக்கொண்டு வந்தவள் நான். கத்துவதற்கு என்ன காசா பணமா? சட்டையை மேஜைமேல் வைத்தால் கறையே பேசிவிடும், அண்ணனுக்கு எதிராக நான் வாய் திறக்க வேண்டியிருக்காது என்று உள்ளுக்குள் நம்பியிருந்தேன். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்த என்னை முதுகில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் சதை ஆடுவது எனக்கு முன்னால் இவருக்குத் தெரிந்திருக்கிறது.

"சாட்சி இல்லேன்னா கஷ்டம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

யோசித்தால் அண்ணனின் முதுகுதான் ஞாபகம் வரும். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன்.

"நான் பாத்தேங்க. என் கண்ணு முன்னாலதான் அடிச்சான்."

"அடிச்சவர் உங்களுக்கு என்ன உறவு?"

"கூடப்பிறந்த அண்ணன்."

பேனா நின்றது. "நாளைக்குக் கோர்ட்டுல அவர் முகத்தைப் பாத்துச் சொல்லணும். முடியுமா?"

"அழுதுக்கிட்டே சொன்னா ஏத்துக்குவாங்களா?"

"ஏத்துக்குவாங்கம்மா."

"அப்ப எழுதிக்கங்க."

சொல்லும்போதே எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. இவர் அந்த விறைப்பான சட்டையை மடிப்புப் பிரித்து என் கையில் கொடுத்தார்.

"முகத்தைத் துடைச்சுக்க" என்றார். "மறுபடி துவைச்சுக்கலாம்."