டப்பா பாயின் மகள்

போடிநாயக்கனூரில் ஹபீப் ரஹ்மான் கடை எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். டப்பா பாய் கடை என்று கேட்டுப் பாருங்கள், ஏலக்காய் பொறுக்கப் போகும் பெண்கள் முதல் ஜீப்பு டிரைவர்கள் வரை யாரானாலும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். ஏலக்காய் வியாபாரிக்கு இந்தப் பட்டம் வாங்கிக் கொடுத்தது கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்து அணி.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் குரங்கணியிலிருந்து சரக்கோடு இறங்கிவந்த ஜீப்பு, போடிக் கல்லூரி வாசலில் பஞ்சராகி நின்றது. டிரைவர் சக்கரம் மாற்றும்வரை நிழலில் நிற்கலாம் என்று பாய் உள்ளே போனார். அங்கே புதிதாக ஆரம்பித்த அணி, மொத்தமே ஆறு பெண்கள், மதுரையிலிருந்து வந்த பெரிய அணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அறுபத்தொன்றுக்குப் பன்னிரண்டு. பார்க்க வந்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் வாட்ச்மேன். அப்படியும் அந்தப் பிள்ளைகள் கடைசி நிமிஷம்வரை ஓடினார்கள். அட, இதுகளுக்குக் கை தட்டக்கூட ஒரு நாதி இல்லையா என்று பாய்க்கு ஆத்திரமே வந்துவிட்டது. கையில், ஏலக்காயை உடைத்தெடுத்த ஏலரிசி சாம்பிள் போட்ட பழைய பால்பவுடர் டப்பா இருந்தது. எதிரணிப் பெண் ஒருத்தி ஃப்ரீ த்ரோ போடக் கோட்டில் நின்றாள். யாரும் குறுக்கே வர முடியாது, ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் நேரம் அது. இவர் டப்பாவைத் தூக்கிக் கலகலகலவென்று ஆட்டினார் பாருங்கள், அவள் பதறிப்போய்ப் பந்தை எங்கேயோ எறிந்தாள்.

அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை. போடி அணி எங்கே ஆடினாலும் பாய் அங்கே இருப்பார். நோன்பு வைத்துக்கொண்டு, எச்சில் விழுங்கக்கூட யோசித்துக்கொண்டு, வெயிலில் உட்கார்ந்து கத்தியிருக்கிறார். சொந்த மச்சினன் கல்யாணத்தில் பாதிப் பிரியாணியில் எழுந்து போனவர். அணித்தலைவி ரோஜாவுக்கு எந்தக் கணுக்கால் எந்த மாசம் பிசகியது என்று கேளுங்கள், தேதியோடு சொல்வார். பக்கத்தில் எப்போதும் பொன்னுமணி இருப்பார். தேவாரத்தில் தென்னந்தோப்பு வைத்து விவசாயம் பார்க்கும் சம்சாரி. ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

சிக்கல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. பாயின் ஒரே மகள் ஹுஸ்னா, இரண்டு வயதிலிருந்து அவர் தோளில் உட்கார்ந்து மேட்ச் பார்த்து வளர்ந்தவள், பிளஸ் டூ முடித்ததும் தேனிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். அவள் கேட்ட படிப்பு போடியில் இல்லை. கூடைப்பந்து நன்றாக ஆடுவாள் என்பதால் அங்கே விளையாட்டு ஒதுக்கீட்டில் ஹாஸ்டலோடு இடம் கொடுத்தார்கள். போடி அணிக்கு ஜென்ம எதிரி அந்தக் கல்லூரிதான். "போயும் போயும் அங்கயாடி போவ?" என்று பாய் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் சிரிக்காமல் கேட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு தன் மேட்ச்சுகளைப் பற்றி அவள் அம்மா மதீனாவிடம் மட்டுமே பேசினாள். பாயும் ஒன்றுக்கும் போகவில்லை. சீசன் நேரம், சோலி அதிகம், மலையிலிருந்து லோடு வருது என்று ஏதாவது சொன்னார். மனுசனுக்குச் சாக்கா கிடைக்காது? எதிரணிக் கூட்டத்தில் போய் எப்படி உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை, அதுதான் விஷயம். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம் வேறு. போன வருஷம் போடி அரையிறுதியிலேயே தோற்றதால், மகளுக்கு எதிரே உட்காரும் சங்கடத்திலிருந்து தப்பித்தார்.

இந்த வருஷம் தப்ப முடியவில்லை. இறுதி ஆட்டம் போடி மைதானத்தில், ஹுஸ்னாவின் அணியோடு. முந்தின நாள் மதியம் மதீனா சோறு போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, மக போன் பண்ணுனா. அத்தா எங்கன வேணாலும் உக்காரட்டும், யாருக்கு வேணாலும் கை தட்டட்டும், நான் ஃப்ரீ த்ரோ போடையில மட்டும் அந்த டப்பாவ ஆட்ட வேணாம்னு சொல்லச் சொன்னா. கூட ஆடுற பிள்ளைக எல்லாம் பாக்குமாம்."

பாயின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "எங்கிட்ட நேரா சொல்ல மாட்டாளாமா?"

"நேரா சொல்ற மாதிரி நீங்க வச்சிருந்தாத்தான?"

"டப்பாவ கடையிலயே வச்சிட்டு வர்றேன்னு சொல்லு. தொடவே மாட்டேன்னு சொல்லு."

சொன்னபடியே வைத்துவிட்டுத்தான் போனார். மைதானத்தில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் மூன்றாம் படியில், வெறுங்கையோடு உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஆட்டம் ஆரம்பிக்கிற நேரத்துக்கு வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார் பொன்னுமணி.

"என்னா மாப்ளே, பைனல் அன்னைக்கிப் போயி டப்பாவ மறந்துட்டு வந்துட்ட? நல்லவேள பாத்தேன். கடைக்கிப் போயி வெரசா எடுத்துட்டு வந்தேன். இந்தா, பிடி."

வாங்கிக் காலுக்கடியில் வைத்துக்கொண்டார் பாய். மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று பொன்னுமணியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குள் ஹுஸ்னா உள்ளே ஓடிவந்துவிட்டாள்.

முழுக்கைப் பனியனுக்கு மேல் பதினோராம் நம்பர், தலையில் கறுப்புத் துணி இறுக்கிக் கட்டியிருந்தாள். பாய் கண்ணைச் சிமிட்டவில்லை. இவள் எப்போது இவ்வளவு வேகம் கற்றாள்? ரோஜாவையே ஒரு பக்கம் போக்குக் காட்டி மறுபக்கம் திரும்பிக் கூடையில் போட்டபோது, போடிக்கு எதிராக விழுந்த புள்ளி என்பதே அவருக்கு உறைக்கவில்லை. அப்புறம்தான் கவனித்தார், வலது முட்டியில் பட்டை போட்டிருந்தாள். ஓடும்போது லேசாகத் தாங்கினாள். என்றைக்கு அடிபட்டது, டாக்டர் என்ன சொன்னார், ஒன்றும் தெரியாது. ஊரான் வீட்டுப் பிள்ளைகளின் சுளுக்குக்கெல்லாம் தேதி வைத்திருக்கிற மனுசனுக்கு, பெற்ற பிள்ளையின் முட்டி தெரியவில்லை. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஐம்பத்து நான்குக்கு ஐம்பத்து மூன்று என்று போடி ஒரு புள்ளி முன்னால் நின்றது. மிச்சம் எட்டு விநாடி. கூடைக்கடியில் போடிப் பெண்கள் ஹுஸ்னாவைத் தள்ளிவிட்டார்கள், நடுவர் விசில் ஊதினார், இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தால் கோப்பை அநேகமாக அவர்களுக்கு.

பொன்னுமணி டப்பாவை எடுத்துப் பாய் கையில் திணித்தார். பாய் அதை முழங்காலுக்கு நடுவே வைத்து நெரித்துக்கொண்டார். முதல் பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது. சமன். அப்பாடா என்று அவர் மூச்சு விட்டதை யாரும் பார்க்கவில்லை.

படிக்கட்டு மொத்தமும் எழுந்து நின்றது. "பாய்! டப்பா! பாய்! டப்பா!" என்று காது கிழியக் கத்தினார்கள். எல்லாரும் எழுந்ததால் அவரும் எழுந்தார். எழுந்ததுதான் தப்பு. எதிரணி, ஃப்ரீ த்ரோ, கையில் டப்பா. பதினெட்டு வருஷம் பழகிய கை அது. அதற்கு மகளும் தெரியாது, வாக்கும் தெரியாது.

கலகலகல.

பந்து விரலை விட்டுக் கிளம்பும் நேரத்தில் ஹுஸ்னா தலையைத் திருப்பினாள். நேராக மூன்றாம் படியைப் பார்த்தாள். பந்து வளையத்தின் விளிம்பில் பட்டுத் துள்ளியது. ரோஜா அதைப் பிடித்து ஒரே ஓட்டமாக ஓடி, விசில் ஊதுவதற்குள் அந்தப் பக்கக் கூடையில் போட்டுவிட்டாள். போடி ஜெயித்தது.

"மாப்ளே! ஒன் டப்பாதான்டா கப்பு வாங்கிக் குடுத்துச்சு!" என்று பொன்னுமணி அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். பட்டாசு வெடித்தார்கள். பாவி மனுசன், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் விளங்கவில்லை. "போட்டோ எடுக்குறாங்க, வா மாப்ளே," என்று இழுத்த பொன்னுமணியின் கையை உதறினார். "விடு மாப்ளே. எம் மக அங்கன நிக்கிறா," என்று சொல்லிக்கொண்டே படி இறங்கி ஓடினார். டப்பா எங்கே விழுந்தது என்று அவர் பார்க்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவள் போய்விட்டிருந்தாள். வாசலில் எதிரணியின் பஸ்சு இன்ஜின் ஓடியபடி நின்றது. ஏறிவிட்டார். உள்ளே இருந்த பெண்கள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஹுஸ்னா கடைசிக்கு முந்தின சீட்டில், முட்டியில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"எறங்குங்கத்தா. பஸ்சு கெளம்பப் போகுது."

"கை தானா ஆட்டிருச்சும்மா. கடையிலதான் வச்சிட்டு வந்தேன், ஒங்கம்மாட்டக் கேளு. வேணும்னு..."

"தெரியும். சின்னப் பிள்ளையிலருந்து பாக்குறேன், ஒங்க கை எனக்குத் தெரியாதா?" மூக்கை உறிஞ்சினாள். "அதுக்கா அழுகுறேன்?"

"பின்ன எதுக்குத் தாயி?"

"இருபத்தி மூணு மேட்ச்சு ஆடிருக்கேன். ஒவ்வொரு மேட்ச்சுலயும் உள்ள எறங்குறப்ப படிக்கட்டப் பாத்துட்டுத்தான் எறங்குவேன். இன்னைக்கித்தான் வந்திருக்கீங்க. இதுவும் போடி ஆடுதுன்னு வந்தது."

பக்கத்து சீட்டில் அவள் பை இருந்தது. அதைத் தள்ளிவிட்டு உட்காரவும் பாய்க்குத் தோன்றவில்லை, திரும்பிப் போகவும் கால் வரவில்லை. நின்றுகொண்டே கேட்டார்.

"முட்டில எப்பம்மா அடி?"

"தீவாளிக்கு முன்னாடி. இப்பப் பரவால்ல."

"அடுத்த மேட்ச்சு என்னைக்கி?"

"வர்ற புதங்கெழம. திருச்சியில." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "ஒங்களுக்கு முடியாதுத்தா. அன்னைக்கித்தான் போடிக்கு நாகர்கோயில்ல மேட்ச்சு."

அது அவருக்குத் தெரியாதா? பொன்னுமணி இரண்டு பேருக்கும் சேர்த்து டிக்கெட்டே எடுத்துவிட்டார். பதினெட்டு வருஷத்தில் பாய் தவறவிட்ட போடி மேட்ச் என்று ஒன்றுகூடக் கிடையாது.

"எத்தன மணிக்குன்னு கேட்டேன்," என்றார்.

ஹுஸ்னா திரும்பி அவரைப் பார்த்தாள். முன்னாலிருந்து கோச் குரல் கொடுத்தார், "பாய், வண்டி எடுக்கணும்."

"எடுங்க சார். தேனி வரைக்கும் நானும் வர்றேன்."

"காலையில பத்து மணிக்கு," என்றாள் ஹுஸ்னா. பக்கத்து சீட்டில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.