பின் சக்கரத்து நட்டு

லாரியிலிருந்து இறக்கும்போதே அது எந்த வண்டி என்று மெக்கானிக் நட்டுவுக்குத் தெரிந்துவிட்டது. மேலே போர்த்தியிருந்த தார்ப்பாயை இன்னும் யாரும் விலக்கவில்லை. நம் வீட்டு ஆள் முக்காடு போட்டுக்கொண்டு தெருமுனையில் வந்தாலும் நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம் இல்லையா, அப்படி. தூக்கி நிற்கிற பின்பக்கம், பலகையில் உருண்டு இறங்கும்போது செயின் போட்ட சத்தம். அதுவே போதுமாக இருந்தது. கையிலிருந்த பிஸ்டனைத் துணியில் சுற்றி மேஜைமேல் வைத்தான்.

பட்டறை முதலாளியை எல்லோரும் தாடி என்பார்கள். அவர் தார்ப்பாயை உருவினார். சிவப்பும் வெள்ளையுமாகப் பழைய பந்தய வண்டி. இடதுபக்கம் முழுக்கச் சிராய்ப்பு. எண் எழுதிய தகடு பாதி உடைந்திருந்தது.

"யார் வண்டின்னு தெரியுதா?"

"தெரியும்ணே. எங்க அக்கா புருஷன் வண்டி."

தாடிக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது. "சூறாவளி உனக்கு மாமாவா? இத்தனை நாளா மூச்சு விடல?"

"சொல்லிக்கிற மாதிரி உறவு இல்லண்ணே."

சூறாவளி என்பது மைக்கில் கத்துகிறவர்கள் வைத்த பெயர். ஒரு காலத்தில் மாமா ஓட்டுவார், மச்சினன் வண்டியைப் பார்த்துக்கொள்வான். இருவருக்கும் ஒரே அணியில் வேலை. அந்தக் கூட்டணி இருந்தவரை மற்ற அணிகள் இரண்டாம் இடத்துக்குத்தான் அடித்துக்கொள்ளும். அந்த வருஷத்துக் கடைசிப் பந்தயம், கடைசிச் சுற்று. மாமா முன்னால் வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே ஒரு சின்னப் பயல் ஒட்டிக்கொண்டு வந்தான். இறக்கத்தில் வந்து இடதுபக்கம் திரும்புகிற நீண்ட வளைவில் மாமா விழுந்தார். தோள்பட்டை உடைந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, நீட்டிய மைக்கில் சொன்னார்: "பின் சக்கரத்து நட்டு லூஸ். மாட்டினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்."

அவ்வளவுதான். மச்சினன் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் வண்டியைத் தூக்கி வேனில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். நட்டு எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. "டைட் பண்ணினேன், கழலாம இருக்கக் கம்பி போட்டுப் பூட்டினேன்" என்று தொண்டை கிழியக் கத்தினான். தோள் உடைந்த ஆளை நம்புவார்களா, தோள் உடையாத ஆளை நம்புவார்களா? வேலை போனது. நட்டு என்ற பெயர் வந்தது. எந்த அணியும் அவனைச் சேர்க்கவில்லை. தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் மெஷின் என்று வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்த்தான். அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அக்காவும் வந்து பார்க்கவில்லை. பிறகு தாடிதான், ஆள் பற்றாக்குறையோ இரக்கமோ, கூப்பிட்டு எஞ்சின் மேஜையில் உட்கார வைத்தார்.

இப்போது சூறாவளி பந்தயம் ஓட்டுவதில்லை, ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். தான் நடத்துகிற பயிற்சிப் பள்ளியின் வரவேற்பறையில் இந்த வண்டியை அடிபட்ட கோலத்திலேயே கண்காட்சிக்கு நிறுத்தியிருந்தார். வருகிற ஒவ்வொருவருக்கும் நட்டுக் கதையைச் சொல்லித்தான் டீ கொடுப்பாராம். மாணவர்களோடு டிராக்கில் ஒரு நாள் முழுக்க ஓட்டப்போவதாகவும், முதல் சுற்றைப் பழைய வண்டியில் தானே ஓட்டிக் காட்டப்போவதாகவும் அறிவித்துவிட்டார். அதற்குத்தான் வண்டி பட்டறைக்கு வந்திருக்கிறது.

"சங்கடமா இருந்தா சொல்லு, வேற ஆளை வச்சுப் பாத்துக்கறேன்" என்றார் தாடி.

"வேண்டாம்ணே. நானே பண்றேன். நான்தான் பண்றேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

தாடி தலையாட்டிவிட்டு வண்டியை அவன் மேஜைப் பக்கம் தள்ளி நிறுத்தினார்.

வண்டியை எலும்பு எலும்பாகப் பிரித்தான். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் காய்ந்து பிசினாக இறுகியிருந்தது. முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்து, தூசியோடு சேர்ந்து கறுப்பாகப் படிந்திருந்தது. பிரேக் குழாயைத் தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது. சிலிண்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது மட்டும் அவனுக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது. உள்ளே அவன் தேய்த்த தேய்ப்பு அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. பின் அச்சில் இருந்தது யாரோ கடையில் வாங்கி மாட்டிய புது நட்டு. அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள வழியில்லை.

ஆனால் டயர்களை மாற்றவில்லை, மகானுபாவர். விழுந்த அன்றைக்கு இருந்த அதே டயர். முன் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான். உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஒரு தழும்பு. சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டு தரையில் இழுபட்டால்தான் அப்படித் தேயும். பின்னால் வந்த பயலைப் பார்த்துப் பயந்து, வளைவுக்குள் போன பிறகு முன் பிரேக்கை முழுசாக அமுக்கியிருக்கிறான்! பின் நட்டாம், லூஸாம்!

நேரில் என்றால் 'வாங்க மாமா' என்றுதான் அவனுக்கு வாய் வரும். மனசுக்குள் எப்போதும் அவன், இவன்தான்.

"இதைக் கொண்டுபோய்க் காட்டு" என்றார் தாடி.

"யார்கிட்டண்ணே? இந்த டயர் அதுக்கப்புறம் எங்கெல்லாம் உருண்டுச்சுன்னு எனக்கென்ன தெரியும்னு கேப்பான்."

வேலை முடிகிற சமயத்தில் சூறாவளி தாடிக்கு ஃபோன் செய்தார். தாடி கை முழுக்க கிரீஸ், ஸ்பீக்கரில் போட்டார். பட்டறை முழுக்க அந்தக் குரல் கேட்டது. "எல்லாம் சரி, பின் சக்கரத்த மட்டும் பொறுப்பான ஆளா பாத்து மாட்டச் சொல்லுங்க. ஒரு தடவை ஒரு வீணாப்போனவன் கைல குடுத்துட்டு நான் பட்டது போதும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆள் சந்தோஷமாகச் சிரிக்கிற சிரிப்பு.

அன்று வீட்டில் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மனைவி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உன் மூஞ்சியே சரியில்ல. என்ன பண்ணப் போற?"

"அவன் சொன்னதையே பண்ணலாம்னு இருக்கேன்."

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "செத்துப்போயிட்டான்னா?"

"செய்யாத குத்தத்துக்குத் தண்டனைய அனுபவிச்சாச்சு. குத்தம் மட்டும் பாக்கி இருக்கு."

"ஜெயிலுக்குச் சாப்பாடு தூக்கிட்டு நான் வரமாட்டேன். சொல்லிட்டேன்" என்றாள் அவள். குரலில் விளையாட்டு இல்லை.

மறுநாள் மதியம் புது டயர்களோடு பின் சக்கரத்தை மாட்டினான். அச்சைச் செருகி நட்டை விரலால் மட்டும் திருகினான். பார்க்கிறவனுக்கு இறுகியதாகத்தான் தெரியும். கம்பியையும் கோத்து முறுக்கி அழகாகப் பூட்டினான். உள்ளே நட்டு அரைச் சுற்று ஆடும் அளவுக்குத் தளர்ச்சி விட்டு. ஒரு அடி பின்னால் வந்து நின்று பார்த்தான். அந்த இறக்கம், அந்த வளைவு, பின்சக்கரம் கோணிக்கொண்டு போவது, உடம்பு தரையில் உருள்வது எல்லாம் கண்ணுக்குள் ஓடின. இனித்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், நன்றாகவே இனித்தது. கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போனான்.

டீ பாதி இறங்கியபோதுதான் உறைத்தது. இவன் விழுந்தால் நாளைக்கு என்ன பேசுவார்கள்? 'பாத்தியா, அன்னைக்கே அந்த மனுஷன் சொன்னாரு' என்பார்கள். இத்தனை வருஷமாகப் பொய்யாக இருந்ததை, தானே உட்கார்ந்து, தன் கையாலேயே உண்மையாக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்!

மீதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினான். கம்பியை வெட்டி எறிந்து, நட்டை முறையாக இறுக்கிப் புதுக் கம்பி போட்டான். பிறகு பிரேக், செயின், ஃபோர்க், கைப்பிடி என்று ஒவ்வொன்றையும் மறுபடி பார்த்தான். அக்கா புருஷன்மேல் இரக்கம் வந்து செய்ததில்லை இது. குறை சொல்ல ஒரு திருகு கூட மிச்சமிருக்கக்கூடாது என்கிற வெறி. அவன் வாழ்நாளில் எந்த வண்டியையும் அவ்வளவு சுத்தமாகக் கட்டியதில்லை.

டிராக் நாளன்று வெயில் சுள்ளென்று அடித்தது. மாணவர்கள் தோல் உடுப்பில் வியர்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அவர்களுடைய அப்பா அம்மாக்கள் நிழலைத் தேடி அலைந்தார்கள். சூறாவளி கையசைத்துக்கொண்டே நடந்து வந்தார். வயிறு உடுப்புக்குள் அடங்காமல் முரண்டு பிடித்தது. அவர் பின்னால் அக்கா. தலை பாதி நரைத்திருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் துணியும் கையுமாக நின்ற தம்பியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"வாங்க மாமா" என்றான் நட்டு. "வண்டி ரெடி."

சூறாவளியின் முகம் வெளுத்துப்போனது. "நீயா கட்டின?"

"முழுக்க முழுக்க உங்க மச்சினன் கைவேலை" என்றார் தாடி, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி.

"எனக்கு... இன்னைக்குத் தோள் கொஞ்சம் சரியில்ல..."

"சார், கேமரா எல்லாம் ஆன் பண்ணியாச்சு சார்!" என்று ஒரு மாணவி கத்தினாள்.

அவர் சமாளித்துக்கொண்டு சிரித்தார். "பின் நட்டை டைட் பண்ணினியாடா? இல்ல, இந்தத் தடவையும் மறந்துட்டியா?" கூட்டம் சிரித்தது. கதை எல்லோருக்கும் மனப்பாடம்.

நட்டு இதற்காகத்தான் காத்திருந்தான். குனிந்து கம்பியை வெட்டினான். டார்க் ரெஞ்சை எடுத்து, அளவு வைத்து, மாமாவிடம் நீட்டினான். "நீங்களே பாத்துக்கோங்க மாமா. சரியான இறுக்கம் வந்ததும் டக்குனு சத்தம் போடும்."

வாங்காமல் இருக்க வழியில்லை. சூறாவளி முழங்காலை ஊன்றி உட்கார்ந்து அழுத்தினார். டக். நம்பிக்கையில்லாமல் இன்னொரு தரம் அழுத்தினார். டக்.

நட்டு புதுக் கம்பியைக் கோத்து முறுக்கினான். எழுந்து நின்று, நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "இப்ப இது நீங்க டைட் பண்ணின நட்டு மாமா."

சூறாவளி ஏறிப் போனார். நேர்ச்சாலையில் வண்டி பாடிக்கொண்டு போனது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தாடி கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் மாணவர்கள் கும்பலாகப் போனார்கள். ஒரு பெண் அவருக்கு நெருக்கமாக ஒட்டிக்கொண்டு போனாள். இறக்கம் வந்தது. அவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது வேலியோரத்தில் நின்றவர்களுக்குக்கூடத் தெரிந்தது. வளைவுக்குள் நுழைந்த பிறகு முன் பிரேக்கைப் பிடித்தார். முன் சக்கரம் 'கீச்' என்று அலறிப் பூட்டிக்கொண்டது. வேகம் பெரிதாக ஒன்றுமில்லை. வண்டி ஒருபக்கம் சறுக்கிப் போக, ஆள் இன்னொரு பக்கம் சரளையில் சறுக்கிப் போய் உட்கார்ந்தார். அந்தப் பெண் வளைந்து அவரைத் தாண்டிப் போய்விட்டாள்.

எல்லோரும் ஓடினார்கள். பெரிதாக அடி எதுவும் படவில்லை. சூறாவளி ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் புழுதி. சுற்றி நின்ற கேமராக்களைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் கை தானாக வண்டியைக் காட்டியது. "பின் சக்கரம் என்னமோ..."

"இந்தத் தடவை யார் மேல போடப் போறீங்க?"

கேட்டது அக்கா. மூச்சு வாங்க ஓடிவந்து சரளையின் விளிம்பில் நின்றிருந்தாள். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. ஆனால் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கேட்டது. தாடி குனிந்து பின் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். மலைபோல அசையாமல் இருந்தது. தார்மேல் முன் டயர் இழுத்த கறுப்புக் கோடு நீளமாகக் கிடந்தது. ஒரு மாணவன் அதைப் படம் எடுத்தான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சூறாவளி யாரையும் பார்க்காமல் நொண்டிக்கொண்டே நடந்தார்.

நட்டுவுக்குக் குளிரக் குளிர ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றியதுபோல இருந்தது. பழி வாங்கினால் மனசு வெறுமையாகிவிடும் என்று யார் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறான். அப்படி ஒன்றும் ஆகவில்லை. வயிறு நிறைந்திருந்தது.

ஆனால் அக்காவின் கேள்வி மட்டும் காதுக்குள்ளேயே நின்றது. ஆட்கள் கலைந்ததும் அவள் பக்கத்தில் போனான்.

"உனக்கு அப்பவே தெரியுமா?"

அவள் ஒளிக்கவில்லை. "ஆஸ்பத்திரிலயே தெரியும். மயக்கத்துல எல்லாத்தையும் உளறினாரு."

"அப்புறம் ஏன்க்கா வாயத் திறக்கல?"

"அவர்கூட வாழணுமே."

"நான் வாழ வேண்டாமா?"

அவள் அவன் கையைப் பிடிக்க வந்தாள். கிரீஸ் ஒட்டும் என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டான். தூரத்தில் கார் ஹாரன் விடாமல் அடித்தது. அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சிராய்ப்பைத் தவிர வண்டிக்கு ஒன்றுமில்லை. "பொழுது மிச்சமிருக்கு, நீ ரெண்டு சுத்து சுத்திட்டு வாயேன்" என்றார் தாடி. யாரோ ஹெல்மெட் கொடுத்தார்கள். அத்தனை வருஷம் அந்த வண்டியைத் தொட்டுத் தொட்டு வாழ்ந்தவன் டிராக்கில் அதில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். மாணவர்கள் எல்லாம் அவனைக் கடந்து போனார்கள், கவலைப்படவில்லை. இறக்கம் வந்ததும் நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து, விட்டு, வண்டியைச் சாய்த்தான். அது சொன்னபடி கேட்டது. ஹெல்மெட்டுக்குள் தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே வளைவைத் தாண்டினான். முதலில் மாமாவைத் திட்டினான். இரண்டாவது சுற்றில் யாரைத் திட்டுகிறோம் என்று அவனுக்கே நிச்சயமில்லை.

வண்டியை எடுத்துப்போகப் பள்ளியிலிருந்து யாரும் வரவில்லை. சூறாவளி முதுகுவலி என்று சொல்லி ஓட்டுவதையே விட்டுவிட்டதாகப் பேச்சு. பழைய அணியிலிருந்து ஒருவர் தாடிக்கு ஃபோன் செய்து, உங்கள் மெக்கானிக்கை அனுப்ப முடியுமா என்று விசாரித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றான் நட்டு; அவர்களும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அக்காவிடமிருந்து தினமும் அழைப்பு வந்தது. ஒருநாள் எஞ்சின் மேஜையில் ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்தது. கீழே விழாமல் பிடித்து, திரையில் 'அக்கா' என்றிருந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"எடுத்துப் பேசேன்டா" என்றார் தாடி.

"பேசுவேன்ணே," என்றான் அவன். "எனக்கு அவ மேல இன்னும் கோவம் தீரல. தீரட்டும்."

ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிரித்துக் கிடந்த கியர்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.