சனிக்கிழமை பாலம் திறக்கும்

எங்கள் வானொலி நிலையத்தில் மொத்தம் நான்கு பேர். தலைவர் இமாம்தோத் அண்ணன். அவருடைய சிவப்புப் பென்சில் அதிகமாக அடித்த சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: இன்ஷா அல்லா. ரொட்டி எப்போது வேகும் என்று கேட்டாலும் எங்கள் பாமிர் மலைக்காரர்கள் அதைச் சேர்க்காமல் வாயை மூட மாட்டார்கள். பேட்டியில் பத்துத் தடவை வரும், பத்தையும் அடிப்பார்.

"கடவுள் நினைச்சாத்தான் எதுவும் நடக்கும்னு கேக்குறவனுக்கே தெரியும். அவனுக்குத் தெரியாததைச் சொல்லு, நெக்பக்த்" என்று என்னிடம் சொல்வார்.

ஆனால் எங்கள் பக்கத்தில் இரண்டு இன்ஷா அல்லா உண்டு. பட்டென்று சொன்னால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். இழுத்துச் சொன்னால், ஆளை விடு என்று அர்த்தம். என் தங்கை சவ்சனைப் பெண் கேட்டு வந்த ஆறு பேரை அப்பா இழுத்துச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார். ஏழாவது ஆள் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தான். அவனுக்கு என்னவோ பட்டென்று சொல்லிவிட்டார்.

பாஞ்ச் ஆற்றுக்கு இக்கரை தஜிகிஸ்தான், அக்கரை ஆப்கானிஸ்தான். பேச்சு இரண்டு பக்கமும் ஒன்றுதான். சனிக்கிழமை தோறும் பாலத்தடியில் சந்தை கூடும், கல்யாணமாகி அக்கரைக்குப் போன சவ்சன் வருவாள், ஷீர்சாய் என்கிற உப்புப் பால்தேநீரில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஒரே கிண்ணத்தில் அக்காளும் தங்கையுமாகச் சாப்பிடுவோம். மாமியாரைப் பற்றி அவள் சொல்வதைக் கேட்டால் சிரித்துச் சிரித்துப் புரையேறும். பிறகு எல்லையில் கலவரம் என்று பாலத்தை மூடினார்கள். பதினேழு மாதம் ஆயிற்று. கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு நாலு மாதம். அவள் ஊரில் போன் கிடையாது, எங்கள் வானொலி மட்டும்தான் ஆற்றைத் தாண்டிப் போகும். தினமும் செய்தி வாசிக்கிறேன், அவள் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும், ஆனால் செய்திக்குள்ளே "நல்லா இருக்கியாடி?" என்று ஒரு வார்த்தை கேட்க வழியில்லை. இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத ஒன்று இதுதான்.

வியாழக்கிழமை மாவட்ட அலுவலகத்து குல்மமத்துக்குப் போன் போட்டேன். வாராவாரம் கேட்கிற கேள்விதான். சந்தை எப்போது திறக்கும்?

"இந்தச் சனிக்கிழமை திறந்துடலாம், இன்ஷா... அல்லா" என்றார்.

நன்றாக இழுத்தார். நடுவில் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் அல்லாவுக்கு வந்தார். என் காது கேட்டது. திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். எல்லைக் காவல் அதிகாரியின் எண்ணும் மேஜை மேலேயே இருந்தது. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்து இரண்டையும் செய்யவில்லை. பதினேழு மாதமாகக் கேட்க ஏங்கிய வாக்கியம் கைக்கு வந்திருக்கிறது, அதை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? எழுதினேன். அந்தச் சொல்லை அண்ணனின் பென்சிலுக்கு வைக்காமல் நானே விட்டுவிட்டேன்.

இமாம்தோத் அண்ணன் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உறுதியாச் சொன்னாரா?"

"சொன்னாருண்ணே."

ஒன்பது வருட வேலையில் அவரிடம் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான். மாலையில் நானே வாசித்தேன்: சனிக்கிழமை பாலம் திறக்கும்.

சனிக்கிழமை காலையில் பாலத்தடியில் கூட்டம் தாங்கவில்லை. உலர்ந்த ஆப்ரிகாட் பழ மூட்டைகள், கம்பளிக் காலுறைகள், ஒருவர் தையல் இயந்திரத்தையே கழுதை மேல் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வாயிற்கதவில் பூட்டுத் தொங்கியது. காவலுக்கு நின்ற சிப்பாய்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ரேடியோவில் சொன்னார்களே என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். என்னை அடையாளம் தெரிந்த ஒரு பெண்மணி, "மூணு மலை ஏறி இறங்கி வந்திருக்கேன், உன் பேச்சை நம்பி" என்றாள். குல்மமத் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "நான் இன்ஷா அல்லா போட்டுத்தானே சொன்னேன்" என்று கூட்டத்துக்கு முன்னால் என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் சொன்னது உண்மை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது அக்கரையில் அவள் நின்றாள்.

பாறை மேல் ஏறி நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. அவள் ஊரிலிருந்து பாலத்துக்கு ஒரு முழு நாள் நடை. கத்தினாள், நானும் கத்தினேன், ஆற்று இரைச்சலில் ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. அவள் குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். பிறகு குழந்தையின் தலையைத் தொட்டாள், என்னை நோக்கிக் கையை நீட்டினாள், மறுபடியும் தலையைத் தொட்டாள். உன் சாடை என்கிறாளா, உன் பேரைத்தான் வைத்திருக்கிறேன் என்கிறாளா, எனக்குப் புரியவில்லை. எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டி ஆட்டி அழுதேன். சிப்பாய்கள் விரட்டும் வரை அங்கேயே நின்றேன்.

நிலையத்துக்கு வந்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தவறான செய்திக்கு வருந்துகிறோம் என்று முதல் வரி எழுதினார். நாலு மணிக்கு நான்தான் வாசிக்க வேண்டும், அதன் பிறகு என்னை வைத்துக்கொள்வதா என்று பார்க்கலாம் என்றார். பிறகு வழக்கம்போலக் கேள்வி கேட்டார்.

"நம்ம கரையில எத்தனை பேர் வந்திருப்பாங்க?"

"முன்னூறு இருக்கும்."

"அக்கரையில?"

யோசித்துப் பார்த்தேன். கூட்டம் இருந்திருக்க வேண்டும். கழுதைகள், மூட்டைகள், வெயிலில் காய்ந்த கிழவர்கள் எல்லாம் இருந்திருக்க வேண்டும்.

"தெரியலண்ணே. நான் ஒருத்தியைத்தான் பார்த்தேன்."