சத்தம் கேட்ட தெரு

ஓசூரில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. அடுத்த வாரமே சேர வேண்டும். அப்பா போகாதே என்று சொல்லவில்லை. "அம்மாவ யார்ட்ட விட்டுட்டுப் போவ?" என்று மட்டும் கேட்டார்.

அம்மாவுக்கு முழங்காலில் செய்த அறுவை சிகிச்சை சரியாகவில்லை. நாற்காலியிலிருந்து எழுவதற்கே ஒருவர் கை கொடுக்க வேண்டும். அப்பா பகல் முழுக்கத் துறைமுகச் சாலையில் கயிற்றுக் கடையில் இருப்பார். மில்லர்புரத்தில், எங்களுக்கு அடுத்த தெருவில், பட்டப்பகலில் பின்வாசல் வழியாக நுழைந்து ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"கதவத் தொறந்தா கத்துற மாதிரி ஒண்ணு செஞ்சு வைக்கேன்ப்பா" என்றேன். மூன்று வருடம் இயற்பியல் படித்திருக்கிறேன். அதை வைத்து வீட்டில் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

அப்பா சிரித்தார். "கத்துனாப் போதும்ளா ஜெப்ஸி. இது நம்ம தெரு. சத்தம் கேட்டா எல்லாரும் ஓடி வந்து நிப்பான். அது ஒழுங்காக் கத்துச்சுன்னா நீ தாராளமாப் போ."

அவருக்கு என் கருவி மேல்தான் சந்தேகம், தெரு மேல் இல்லை. எனக்கும் அப்படித்தான்.

பின்கதவின் நிலையில் ஒரு ரீட் சுவிட்ச் பொருத்தினேன். சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடுகள், அவ்வளவுதான். கதவில் ஒரு காந்தம். கதவு மூடியிருக்கும்வரை காந்தம் தகடுகளைச் சேர்த்து வைத்திருக்கும். திறந்தால் அவை பிரியும், சைரன் அலறும். திருடன் கதவைத் திரும்ப மூடினாலும் அடங்காதபடி எஸ்.சி.ஆர். என்ற சின்ன மின்பாகம் ஒன்றைச் சேர்த்தேன். நிறுத்துவதற்கு ஒரு சாவி. அது அம்மாவின் கைக்கு எட்டும் இடத்தில். உப்புக் காற்றில் பற்றவைத்த இடங்கள் பச்சை பூத்துவிடும் என்று அவற்றின்மேல் நகப்பூச்சு பூசினேன்.

"ஏளா, ஒரு நாளாவது ஒன் நகத்துல பூசிருக்கியா?" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பா தன் பைக்கை ஆலயத்திலேயே விட்டுவிட்டு, பின்சந்து வழியாக நடந்து வந்தார். அவர் வீட்டில் இல்லையென்று தெரு நினைக்க வேண்டுமாம். ஓடி வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பெட்டி மக்ரூன் வாங்கியிருந்தார். அதை என்னிடம் கொடுத்துவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மறுபடி வெளியே போனார்.

"இந்த வயித்த வச்சுக்கிட்டு எந்தக் கள்ளன் வருவான்?" என்றாள் அம்மா.

கதவு திறந்தது. சைரன் அலறியது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் அதிர்ந்தது. அப்பா கதவை மூடிப் பார்த்தார். அடங்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் மனதுக்குள் பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினேன்.

"அமத்தாத. ஆள் வரட்டும்" என்று காதருகே கத்தினார்.

முன்னறை ஜன்னல் திரைக்குப் பின்னால் இருவரும் நின்றோம். எதிர்வீட்டு மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. ஸ்கூட்டரில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். எங்கோ டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்கள். அம்மா காதுகளைப் பொத்திக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு செருப்புச் சத்தம்கூட இல்லை.

அப்பாவின் போன் அடித்தது. எதிர்வீட்டு செந்தில்முருகன் அண்ணன். அவருக்குப் பெண் பார்த்ததே அப்பாதான். அப்பா ஸ்பீக்கரைப் போட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்ல என்னமோ கத்திக்கிட்டே கெடக்கு."

"ஆமாப்பா."

"பைக்கக் காணோம், வெளிய இருக்கியளோன்னுதான் போன் போட்டேன். வந்ததும் மொதல்ல அத அமத்திருங்க. பய நீட்டுக்குப் படிக்கான்."

அப்பா போனைச் சட்டைப் பையில் வைத்தார். "போதும்ளா" என்றார்.

சாவியைத் திருப்பினேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒன் சாமான்ல ஒரு குத்தமும் இல்ல."

"அப்போ நான் போலாம்லாப்பா?"

"பொறந்து வளந்த தெருவுலயே இந்தக் கதி. ஓசூர்ல நீ கத்துனா எவன் வருவான்?"

"ஹாஸ்டல்ல வாட்ச்மேன் இருக்காருப்பா."

"இங்க ஒரு தெருவே இருந்துச்சு."

"அவ போட்டும். நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் அம்மா.

"நீயா? மொதல்ல எந்திரி பாப்போம்."

அம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள். நான் போய் அவள் பக்கத்தில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு முருகேஸ்வரி அக்கா வந்தாள். "மத்தியானம் என்ன அண்ணாச்சி அப்படி ஒரு சத்தம்?"

"கள்ளன் வந்தா கத்தும். ஜெப்ஸி செஞ்சது."

"ஒங்களுக்குக் கேட்டுச்சாக்கா?" என்றேன்.

"கேக்காமயா? கேட்ட ஒடனே முன்கதவு பின்கதவு எல்லாத்தையும் உள்ள பூட்டிட்டோம்லா. நெஞ்சே நின்னு போச்சு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏளா, எங்களுக்கும் ஒண்ணு செஞ்சு தா."

அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"செஞ்சு தருவா. இனி வீட்லதான இருக்கப்போறா" என்றார்.

"எந்தக் கதவுக்குக்கா?" என்று கேட்டேன்.